மூன்றாவது டிரங்க், நாலாவது டிரங்க்

அன்று மேல் அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். எனக்கு வேலை கீழே, கம்பி அறையில். மேலே ஒன்றும் இல்லை. ஆனாலும் போய் நின்றிருந்தேன்.

அவள். மேல் அறைக் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

சார். எங்கள் இரண்டு பேருக்கும் அதிகாரி.

வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜில் போன் போர்டு பார்க்கும் ஆள். புகார் சொல்ல வந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

நாலு பேர். அந்த நாலு பேரில் தப்பு எங்கே என்று தெரிந்தது ஒருத்திக்கு. அது நான்.

அம்பத்தூர் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். கம்பெனி பெயர் வேண்டாம். அவளும் நானும் காண்டிராக்டில் சேர்ந்தோம். அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ராணுவ ஃபேக்டரியில் இருந்தார். ஊர் தென்காசிப் பக்கம். பன்னிரண்டாவது பாஸ். நான் எட்டாவது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். அதனால் என்னை அக்கா என்பாள்.

முதல் நாலு வருஷம் இரண்டு பேரும் கீழேதான். கம்பி அறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்பியை மாற்றினாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி ரேக்குக்கு முன்னால் நின்று நம்பர் கூப்பிடுவாள். இன்னொருத்தி பின்னால் நின்று அந்தக் கம்பியைத் தொட்டுத் திருப்பிச் சொல்வாள். "மூணு." "மூணு." "நாலு." "நாலு." திருப்பிச் சொல்லாமல் எதையும் பிடுங்கக் கூடாது. அவள் குரல் தெளிவாக இருக்கும். எங்கள் இரண்டு பேர் கை வைத்த வேலையில் தப்பு வந்ததில்லை.

அப்புறம் டிரெயினிங் வந்தது. ஓர் ஆள்தான். பன்னிரண்டாவது பாஸாக இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் போனாள். திரும்பி வந்து நேராக மேலே ஏறினாள்.

மேல் அறை ஏசி அறை. செருப்பை வெளியே விட வேண்டும். அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. குளிருக்கு நீலச் சால்வை ஒன்று கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் அம்பத்தூரே வேகும்போது அவள் சால்வை போர்த்தியிருப்பாள். நான் கீழே முதுகோடு ஒட்டின ஜாக்கெட்டைப் பிரித்து விட்டுக்கொண்டிருப்பேன். கம்பி சீவிச் சீவி என் கட்டைவிரல் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. அவள் விரலில் மை கூட இல்லை. வாட்ச்மேன் எனக்குத் தலையாட்டுவார். அவளுக்கு எழுந்து நிற்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"இன்னாமே, உன் ஜோடி மேல போய்க் குளுகுளுன்னு குந்திகினு கீறாளாம். நீ இன்னும் அந்த எலிப் பொந்துலதான் கீறியா?"

"சோறு ஆறுது. துன்னு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தின்றார். எனக்கு இறங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கீழே வருவாள். அதை அவள் விடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அன்றைக்குப் படித்ததைச் சொல்வாள். நான் காதில் விழாத மாதிரி கேட்பேன். ஒன்று விடாமல் கேட்பேன்.

"நாலு மாடின்னு வச்சுக்கோங்கக்கா. ஒரு போன் கால் போறதுக்கு நாலு மாடி வேலை செய்யுது."

கீழ் மாடி கம்பி. அது என்னுடையது. துடிப்பு வந்தால் பச்சை விளக்கு எரியும். அத்தோடு அதன் வேலை முடிந்தது.

இரண்டாவது மாடி, எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஒவ்வொரு செய்திக்கும் நம்பர் போடும். ஏழு வந்தது, எட்டு வரவில்லை என்றால் எட்டைத் திரும்ப அனுப்பு என்று கேட்கும். எட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காது.

மூன்றாவது மாடி விலாசம் பார்க்கும். ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சுக்கும் ஓர் எண் உண்டு. இது பூந்தமல்லிக்கு, இது ஆவடிக்கு என்று பிரித்து விடும். ஒரு பாதை அடைத்துக்கொண்டால் சுற்றுப் பாதையில் அனுப்பும். அதுவும் உள்ளே படிக்காது.

நாலாவது மாடிதான் படிக்கும். அங்கே ஐந்து பேச்சுதான். 'இந்த நம்பர் வேண்டும், பேச்சை இந்த டிரங்கில் இத்தனாவது வழியில் விடுகிறேன்.' 'ஆளைப் பார்த்தாயிற்று, மணி அடிக்கிறது.' 'எடுத்துவிட்டார்கள்.' 'வைத்துவிட்டார்கள், வழியை விடு.' 'விட்டேன்.' கல்யாணச் செய்தியானாலும் சாவுச் செய்தியானாலும் நாலாவது மாடிக்கு இந்த ஐந்துதான்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. செய்தி போகிற வழியில் பேச்சு போகாது. இரண்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடுவில் போகிற கேபிளுக்கு டிரங்க் என்று பெயர். செய்திக்கு முதல் டிரங்கில் தனி இடம். பேச்சு மற்ற வழிகளில் போகும். ஒரு டிரங்கில் முப்பது பேர் பேசலாம். மூன்றாவது டிரங்கில் ஐந்தாவது வழி என்று செய்தி சொன்னால், இரண்டு எக்ஸ்சேஞ்சும் தன் பக்கத்து மூன்றில் ஐந்தாவது கதவைத் திறந்து வைக்கும். பேச்சு அந்தக் கதவுக்குத்தான் வந்ததா என்று நாலாவது மாடி எட்டிப் பார்ப்பதில்லை.

"அப்போ மேல கீறவன் கீழ கீறவன நம்பிகினுதான் கீறான்" என்றேன்.

"ஆமாக்கா. நம்பலைன்னா ஒரு கால் கூடப் போகாது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்று முழுக்க அதை மென்றுகொண்டிருந்தேன். நம்புகிறவர்களுக்கு ஏசி. நம்பப்படுகிறவளுக்கு எலிப் பொந்து.

இப்படியே மூன்று வருஷம். பிறகு கம்பி அறையை மூடப் போவதாகப் பேச்சு வந்தது. வீட்டுப் போன்கள் குறைந்துவிட்டன. காலேஜ், ஆஸ்பத்திரி, கம்பெனிகள் மட்டும் மிச்சம். மேல் அறையில் இன்னொரு நாற்காலி போடுகிறார்கள், கீழே இருப்பவர்களில் ஒருவரை எடுப்பார்கள், மற்றவர்களுக்குத் திருவள்ளூர் பக்கம் குடோன் என்றார்கள். படிப்பு பார்க்கப் போவதில்லை, சார் யார் பெயரை எழுதுகிறாரோ அவருக்கு.

சார் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பேரைத்தான்மா எழுதப் போறேன். மேல கத்துக்குடுக்க ஆள் இருக்கு. அவதான் உங்க பேரைச் சொன்னா. விடாம சொன்னா."

சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், படிக்கட்டு இறங்குகிற வரை. கீழே வந்ததும் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் நின்றது. அவள் சொன்னாள். அவள் சொல்லித்தான் எனக்கு நாற்காலி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளிடம் கேட்டுக் கேட்டு, அவள் சால்வையில் பாதி வாங்கிப் போர்த்திக்கொள்ள வேண்டும்.

நாற்காலி வேண்டும். அவள் கொடுத்ததாக இருக்கக் கூடாது. இப்படித்தான் இருந்தது என் மனசு.

அந்த வாரமே ஒரு வேலை வந்தது. எங்களுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் நாலு டிரங்க் இருந்தது. ஐந்தாவது ஒன்று சேர்த்தார்கள். அதற்காகப் பழைய கனெக்டர் பலகையை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும். காலை ஏழு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில். அந்த நேரத்தில் கீழே நான் மட்டும்தான். ஐந்தாவது டிரங்கின் வழி எண்களை அவள் மேலே கம்ப்யூட்டரில் போட வேண்டும். நான் கீழே நாலு டிரங்க் கேபிளையும் புதுப் பலகைக்கு மாற்ற வேண்டும்.

அவள் படிக்கட்டில் பாதி இறங்கி நின்று கேட்டாள்.

"வரட்டுமாக்கா, நம்பர் கூப்பிட?"

"வேணாம். நா பாத்துக்கறேன்."

"ரெண்டு நிமிஷம்தானே."

"உன் வேலைய நீ பாரு. நா பச்சப் புள்ள இல்ல."

அவள் ஏறிப் போய்விட்டாள்.

நான் தனியாக மாற்றினேன். முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு நடை. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. விளக்கு எல்லாம் பச்சை. மாற்றின பிறகு ஒவ்வொரு டிரங்கிலும் ஒரு கால் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும் என்பது முறை. அதற்கும் மேலே ஓர் ஆள் வேண்டும். பேசிப் பார்க்கவில்லை. ஏழு இருபத்தைந்துக்கு ரேக் கதவைச் சாத்தினேன். அவள் வேலை முடிக்கும் முன் முடித்துவிட்டேன். அதில் ஒரு திருப்தி.

பதினொன்றேகாலுக்குக் காலேஜ் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். படியிலேயே ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"சார், இன்னா சார் எக்ஸ்சேஞ்ச் நடத்துறீங்க? காலைலேர்ந்து பேஜாராக் கீது. அம்பத்தூருக்குப் போன் போட்டா மணி அடிக்குது, எடுக்கறாங்க, காத்து மாதிரி கம்முனு கீது. நாலு போட்டா ரெண்டு இப்புடி."

"கம்ப்ளைன்ட் நம்பருக்குப் பேச வேண்டியதுதானே?" என்றார் சார்.

"பேசாமயா? போட்டேன் சார். யாரோ ஒரு அம்மா. நா ஹலோங்கறேன், அது 'யாருய்யா நீ, எம் பொண்ணு எங்க'ன்னுது. நா காலேஜுங்கறேன், 'காலேஜுல எம் பொண்ணுக்கு இன்னா வேல, போன அவகிட்ட குட்றா பேமானி'ன்னுது. மூணு தபா வச்சேன். மூணாந்தபா போலீசுக்குப் போவேன்னுது. அதான் நேருல வந்துட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். சார் சிரிக்கவில்லை.

மணி அடிக்கிறது. எடுக்கிறார்கள். ஆள் மட்டும் வேறு. அப்படியென்றால் மேல் மூன்று மாடியும் சரி. செய்தி போகிற முதல் டிரங்க் சரி. பேச்சுதான் இடம் மாறி வருகிறது. காலேஜ் போன் பூந்தமல்லி எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் வரும்; அந்த அம்மாவின் பெண்ணும் அதே நேரத்தில் பூந்தமல்லிப் பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறாள். அவள் பேச்சு மூன்றில் ஐந்தாவது வழி என்றால், இவர் பேச்சு நாலில் ஐந்தாவது. இவர் குரல் அந்த அம்மாவுக்குப் போயிருக்கிறது. பக்கத்து டிரங்கில் யாரும் பேசாத நேரமாக இருந்தால் வெறும் காற்று.

மூன்றையும் நாலையும் மாற்றிச் செருகியிருக்கிறேன். இரண்டும் ஒரே ஊருக்குப் போகிற கேபிள். அதனால் விளக்கு பச்சைதான் காட்டும்.

இவ்வளவும் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. அவள் டிபன் பாக்ஸோடு சொல்லிக்கொடுத்ததால் புரிந்தது.

அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு காலாக எடுத்துப் பார்த்தாள்.

"ஆரம்பம் போயிருக்கு. மணி வந்திருக்கு. எடுத்தது வந்திருக்கு. விடு, விட்டேன், எல்லாம் ஒழுங்கா இருக்கு சார். சிக்னலிங் சுத்தம்."

"சுத்தம்னா அந்தம்மா ஏன் வருது?" என்றார் சார். "காலையில வழி எண் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"பழசு எதையாவது தொட்டியா?"

"இல்ல சார். அஞ்சாவது மட்டும்தான்."

சார் என் பக்கம் திரும்பினார். "கீழ எப்படிம்மா?"

"பச்சை சார். நாலும் பச்சை."

பொய் இல்லை. பச்சைதான்.

"பார்த்தியா? கம்பி சரியா இருக்கு. நீதான் பழைய நம்பர் மேல புதுசை இடிச்சிருக்கே. அழிச்சுட்டு மறுபடி போடு."

அவள் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். காலேஜ் ஆள் தன் கைபேசியில் தன் போர்டைக் கூப்பிட்டுக் கேட்டார். "அப்புடியேதான் கீது சார்." மறுபடி அழித்தாள். மறுபடி போட்டாள். ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அந்த ஏசியில் அவளுக்கு நெற்றி வேர்த்தது. சால்வையைக் கழற்றி நாற்காலி மேல் போட்டாள். நேற்று வரை மேடம் மேடம் என்று கிண்டலாகவாவது சொன்ன சார், "டிரெயினிங்ல என்னத்தத்தான் கத்துக்கிட்டே" என்றார்.

எனக்கு நன்றாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன். மூன்று வருஷத்தில் அந்த அறையில் நான் சந்தோஷமாக நின்றது அன்று ஒரு மணி நேரம்தான். ஏசி என் மேலும் அடித்தது.

பன்னிரண்டரை இருக்கும். அவள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், பூந்தமல்லிகிட்டச் சொல்லி ஒவ்வொரு வழியிலயும் ஒரு சத்தம் அனுப்பிப் பார்ப்போம். நம்ம பக்கம் அதே வழியில அது வந்து விழுதான்னு தெரிஞ்சிடும். வராத இடத்துலதான் தப்பு."

அப்படி ஒரு சோதனை உண்டு. எனக்கு அவள் அதைச் சொன்னதில்லை. செய்தால் மூன்றும் நாலும் உடனே மாட்டிக்கொள்ளும். என் கையும் மாட்டிக்கொள்ளும். அதைவிட ஒன்று எரிந்தது. இத்தனை திட்டு வாங்கியும் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் பூந்தமல்லிக்கு நம்பர் போடும்போதே நான் இறங்கினேன். ஓடவில்லை. ஓடினால் தெரியும். ரேக் கதவைத் திறந்து மூன்றைப் பிடுங்கினேன். நாலைப் பிடுங்கினேன். மாற்றிச் செருகினேன். இரண்டு விளக்கு சிவந்து, பச்சையாயிற்று. ஏறி வந்து அதே சுவரில் சாய்ந்தேன்.

சத்தம் எல்லா வழியிலும் சரியாக விழுந்தது. காலேஜ் ஆள் மேல் அறைப் போனிலிருந்து தன் போர்டைக் கூப்பிட்டுப் பார்த்தார். "வந்துச்சு சார். எங்க ஆளே வந்துட்டான். அந்தம்மா போய்ட்டாங்க." ஹெல்மெட்டோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

"மூணாவது தடவை ஒழுங்காப் போட்டிருக்கே" என்றார் சார் அவளிடம். "எழுதித்தான் ஆகணும். வழி எண் போட்டதுல தப்புன்னு மேலிடத்துக்கு எழுதறேன்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரைக்குக் கீழே வந்தாள். டிபன் பாக்ஸ் கொண்டுவரவில்லை.

"அக்கா, பன்னெண்டு முப்பத்தெட்டுக்கு மூணும் நாலும் விழுந்து எழுந்திருச்சு. மெஷின் எழுதி வச்சிருக்கு. நீங்கதானே?"

"நாந்தான்."

"அப்போ நான் போட்ட நம்பர் சரி."

"சரி."

மூச்சு விட்டாள். முதலில் அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"காலையிலயே தெரியுமா?"

"காலைல தெரியாது. அந்தாளு வந்து சொன்னப்போ தெரியும்."

"ஏங்க்கா?"

நான் ரேக் கதவைச் சாத்தினேன். அவள் பதிலுக்கு நிற்கவில்லை.

"விடுங்க. நான் சார்கிட்டச் சொல்லப் போறதில்ல. எனக்கு வேலை போயிடாது. ஒரு மெமோ, அவ்வளவுதான். உங்களுக்கு அந்த நாற்காலி வரட்டும்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நாற்காலி கொடுத்தாள். இப்போது மௌனத்தையும் கொடுக்கிறாள். அதையும் வாங்கினால் செத்தாலும் கடன் தீராது.

எழுந்து மேலே போனேன். நல்ல மனசு வந்து போகவில்லை. அவளிடம் இன்னொன்று வாங்கக் கூடாது என்றுதான் போனேன்.

சார் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், மூணும் நாலும் நா மாத்திச் செருகிட்டேன். அவ மேல தப்பு இல்ல."

பேனாவை வைத்தார். "நம்பர் கூப்பிடலையா?"

"இல்ல சார்."

"எப்போ தெரியும்?"

"அவரு வந்தப்பவே தெரியும் சார்."

எழுதின தாளைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். "போங்கம்மா" என்றார்.

நாற்காலி கீழே யாருக்கும் கிடைக்கவில்லை, ஆவடி எக்ஸ்சேஞ்சிலிருந்து மாற்றி வந்த ஒருவருக்குப் போயிற்று. நான் இப்போது குடோனில் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போகிறேன். அவள் எப்போதாவது போன் பண்ணுவாள். உடனே எடுக்க மாட்டேன். கொஞ்சம் அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்.

அன்று சாரிடம் சொல்லிவிட்டு இறங்கும்போது அவள் படிக்கட்டில் நின்றிருந்தாள். அவளிடம் ஒன்று கேட்டேன்.

"அந்த ரெண்டு டிரங்குல எத்தினி கால் போச்சுன்னு மெஷின்ல எண்ண முடியுமா?"

"முடியும். ஏழரையிலேர்ந்தா?"

"இல்ல. அது கை தப்பு. பதினொண்ணேகாலுலேர்ந்து நா பிடுங்கினது வரைக்கும். அது நா பண்ணது. எடுத்துப் பேசுனத மட்டும் எண்ணு."

மேலே போனாள். யார் யாரைக் கூப்பிட்டார்கள், யார் குரலைக் கேட்டு யார் பயந்தார்கள் என்று மெஷின் எழுதி வைக்காது. எண்ணிக்கைதான் இருக்கும். கால் மணி கழித்து வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

இருநூற்றுப் பதினேழு.